மூன்று கிலோவாட்

ஜாலான் பாசார் கடையில் ஆ செங் சத்தியம் செய்தான்:
"ரெண்டு கிலோவாட் போதும், தூக்க லேசு."
ஏகாம்பரம் பதில் சொல்லவில்லை.
லாரியிலிருந்து எங்கள் வேக்குவத்தை இறக்கி
கடை வாசலிலேயே சொருகினான்.

ஓடும்போது கேட்பது வேறு,
கிளம்பும்போது கேட்பது வேறு.
முதல் இழுப்புக்கே
ஜெனரேட்டர் விக்கி நின்றது.

மூன்று வாங்கினோம். நாற்பத்தெட்டு கிலோ.
விலையை அவன் பார்த்தான்,
எடையை என் இடுப்பு பார்த்தது.

செராஸில் முதல் வீடு.
கூரைப் பீலியில் மக்கிய அங்சானா இலை,
ஒரு பூப்பந்து,
முழ உயரப் பப்பாளிக் கன்று.
கன்றை மட்டும் கையால் பிடுங்கினான்,
மற்றதெல்லாம் குழாய் விழுங்கியது.

நாலு மணி மழை.
மெஷினை அணைத்துப் படுதா மூடினோம்.

வீட்டுக்காரி கதவைத் திறந்தாள்:
"இன்னுமா ஓடுது அது?"

ஏகாம்பரம்
சுவரோரம் இறங்கும் தண்ணீர்க் குழாயைக்
காட்டினான்.