சிவப்புக் கோடு பார்ப்பவன்

பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம்
மூன்று பெயரும் எழுதினேன்.
வயதை எழுதவில்லை. அது அவர்களுக்கே தெரியும்,
அரை, முக்கால் கணக்கு உட்பட.

எர்ச்சிமுக்கு ஏரிப் பனிக்கட்டி:
முற்றத்து அடுக்கிலிருந்து ஒரு பாளம்
சமையலறைப் பீப்பாய்க்கு. உருகினால்தான் தேநீர்.
குன்னேய்க்கு விறகு, அடுப்புச் சாம்பல்,
மாட்டுக்கு வெதுவெதுப்பாகத் தண்ணீர்.
மிச்சில் என்று எழுதிவிட்டுப்
பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
ஐந்து வயதுக்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது?
ஒன்று கொதிக்கிறது, ஒன்று வழுக்குகிறது,
மற்றதெல்லாம் உயரத்தில் தொங்குகிறது.

அவனே வந்து கேட்டான்:
"என் பேருக்கு நேரா ஏன் ஒண்ணுமே இல்லை?"

சரி, ஜன்னல் உன்னுடையது என்றேன்.
எழுந்ததும் முக்காலியில் ஏறி,
கண்ணாடியில் பூத்த உறைபனியில் வாய் வைத்து ஊதி,
ஒரு காசளவு ஓட்டை போட வேண்டும்.
வெளியே, முற்றத்து விளக்கடியில்,
வெப்பமானியின் சிவப்புக் கோடு
எந்த எண்ணில் நிற்கிறதென்று
வீடே கேட்கக் கத்த வேண்டும்.

முதல் வாரம் "நாற்பதும் கொஞ்சமும்" என்றான்.
இரண்டாம் வாரம் அந்தக் கொஞ்சத்தையும் எண்ணப் பழகினான்.
பக்கத்து வீட்டு ஒக்தியாப்ரினா
தொலைபேசியில் என்னிடம் பேசுவதை விட்டாள்.
"அதிகாரியைக் கூப்பிடு" என்பாள்.

எங்கள் ஊரில் குளிரும் வயது பார்க்கும்.
நாற்பத்தைந்தைத் தாண்டினால்
சின்ன வகுப்புகளுக்கு விடுமுறை என்று வானொலி சொல்லும்.
இன்னும் இறங்கினால் நடுவகுப்புகள்.
அதற்கும் கீழே,
மீசை அரும்பியவனும் போர்வைக்குள்தான்.
பார்த்துவிட்டு நானும்
பட்டியலின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்:
ஐம்பதுக்குக் கீழே போனால் பனிக்கட்டி அம்மாவுக்கு.

வியாழக்கிழமை.
"ஐம்பத்தொன்பது!"

கம்பளிக் காலணியை இழுத்து மாட்டினேன்.
வானொலியோ, சின்ன வகுப்புகள் மட்டும் வீட்டில், என்றது.
முக்காலியருகே குனிந்து
அவன் வாயளவு ஓட்டையில் கண் வைத்தேன்.
நாற்பத்தாறு.

"ஐம்பத்தொன்பதா?"
"காத்து அடிக்குதும்மா. கோடு ஆடுது."
இந்தக் குளிரில் இங்கே காற்றே அடிக்காது.
புகைபோக்கிப் புகைகூட
ஆணி அடித்ததுபோல் நேராக நிற்கும்.

திட்டத் திரும்பினேன்.
எர்ச்சிம் ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.
இன்னொரு கை மேசைக்கு அடியில்.
வெளியே எடு என்றேன்.
இரண்டு விரல் நுனி சிவந்து வீங்கியிருந்தது.
கையுறையில் ஓட்டையாம்.
நேற்று வெள்ளையாக இருந்ததாம், மெழுகுவர்த்திபோல.
இரவெல்லாம் கட்டிலில் அவன் ஊதிக்கொண்டிருந்ததைப்
பக்கத்தில் படுத்தவன் எண்ணியிருக்கிறான்.

ஏன்டா சொல்லவில்லை?
"சொன்னா என்னை விறகுக்கு மாத்திடுவே.
அது ஒன்பது வயசு வேலை."

நான் வெளியே போனேன்.
மூச்சு காதோரம் சலசலத்து உதிர்ந்தது.
பாளத்தைத் தூக்கினேன், நெஞ்சோடு அணைத்து.
நவம்பரில் அடுக்கியபோது
இத்தனை கனமாகவா இருந்தது?
அவன் அப்பா சுரங்க வேலைக்குக் கிளம்பிய அன்று
விட்டுப்போன கோட்டை மாட்டி நின்றான்.
தோள் பொருந்தியது என்று நினைத்தேன்.
பட்டியல் எழுதியபோது நான் அளந்தது
கோட்டையா, பையனையா?

பாளத்தைக் கீழே போட்டேன்.
கோடரியின் பின்புறத்தால் தட்ட
நீலமாய் இரண்டாகப் பிளந்தது.
அடுத்ததையும் தட்டினேன்.
மொத்த அடுக்கும் முடிய
முக்கால் மணி நேரம் ஆனது.
என் கண்ணிமை இரண்டு முறை ஒட்டிக்கொண்டது.

கையுறையைக் குன்னேய் தைத்தாள்.
தையல் பட்டியலில் இல்லை என்பதை
மூன்று தடவை நினைவூட்டியபடியே.

மறுநாள் காலை
"நாற்பத்தொண்ணு" என்றான் மிச்சில்.
ஒருவரும் அசையவில்லை.
பிறகு எர்ச்சிம் போய் ஓட்டையில் கண் வைத்தான்.
பிறகு குன்னேய். பிறகு நான்.
நாற்பத்தொன்றுதான்.
அவனுக்குக் கோபமே இல்லை.
ஒவ்வொருவராக ஏறி இறங்கும்வரை
முக்காலியை இரண்டு கையாலும்
அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்,
நாங்கள் விழுந்துவிடுவோமாம்.