சராசரிச் சரிவு

வால்பரைசோவில் சமதரை என்பது
துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் தளம் மட்டும்.
மற்றதெல்லாம் ஏறும், இல்லையேல் இறங்கும்.
நகராட்சியில் என் வேலை
எவ்வளவு என்று எழுதுவது.

பதிவு அலுவலகத்துப் புதுச் சாய்தளம்:
கிடைத்தூரம் பன்னிரண்டு மீட்டர், உயரம் ஒன்று.
கீழே ஒரு முளை, மேலே ஒரு முளை,
நடுவே விறைப்பாய் ஒரு நூல்.
பன்னிரண்டுக்கு ஒன்று. விதி கேட்பதும் அதுவே.
ஒப்பந்தக்காரர் ஒசோரியோ
பேனாவின் மூடியைத் திறந்தே நீட்டினார்.

"நூலின் மேலா நான் போகிறேன்?"
என்றாள் எடெல்மிரா.
சக்கர நாற்காலி. உள்ளங்கை தேய்ந்த கையுறை.
உள்ளே மூன்றாம் சாளரத்தில்
பிறப்புக்கும் இறப்புக்கும் முத்திரை குத்துகிறவள்.

குனிந்து பார்த்தேன்.
நூலுக்கும் தரைக்கும் இடைவெளி
கீழ்ப்பாதியில் தாராளம், மேற்பாதியில் கஞ்சம்.
கடற்பனியில் நனைந்த கான்கிரீட்
தொடக்கத்தில் பணிந்து,
நடுவில் சிலிர்த்துக்கொண்டு,
உச்சியில் மறுபடி சாது.

நடுவில் இரண்டு புள்ளி வைத்தேன்.
ஒரு மீட்டர் இடைவெளிக்குப் பதினைந்து சென்டிமீட்டர் ஏற்றம்.
அரை மீட்டருக்கு எட்டு.
ஒரு சாணுக்கு மூன்றும் சொச்சமும்.
புள்ளிகள் நெருங்க நெருங்க
எண் அலைவதை விட்டுவிட்டு
ஓரிடத்தில் காலூன்றப் பார்த்தது:
ஆறுக்கு ஒன்று.

"இன்னும் கிட்டே."
விரற்கடை. நகக்கண்.
அதற்குமேல் என் அளவுகோலில் கோடுகள் இல்லை.
இரண்டு புள்ளியும் ஒன்றாகிவிட்டால்
ஏற்றமும் சுழியம், தூரமும் சுழியம்.
சுழியத்தைச் சுழியத்தால் வகுத்து
எந்தப் படிவத்தில் எழுதுவது?

அவள் அந்த இடத்துக்கே உருட்டிவந்து நின்றாள்.
சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.
மணிக்கட்டில் ஒரு நரம்பு
தொடுகோடுபோல நிமிர்ந்தது.
"இங்கே. இவ்வளவு."

ஒசோரியோ சராசரியைப் பற்றிப் பேசினார்.
நிறையவே பேசினார்.
"நாம் மூவரும்கூட" என்றாள் எடெல்மிரா,
"சராசரியாக நன்றாகத்தான் நடக்கிறோம்."

படிவத்தில் சாய்வுக்கு ஒரே ஒரு கட்டம்.
ஆறில் ஒன்று என்று எழுதினேன்,
ஆறாவது மீட்டரில் என்று
ஓரத்தில் நுணுக்கி எழுதினேன்.
மேலதிகாரிக்கு ஓரங்கள் பிடிக்காது.

"நூலை அவிழுங்கள், மணி ஒன்பது,
ஒரு குழந்தைக்குப் பெயர் பதியக் காத்திருக்கிறார்கள்."

அவிழ்த்தேன்.
தள்ளட்டுமா என்று கேட்கவில்லை,
ஒரு கைத்தூரத்தில் பின்னால் நடந்தேன்.
பாதி வழியில் திரும்பிப் பார்த்தால்
ஒசோரியோவும் ஏறி வந்துகொண்டிருந்தார்,
கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு.