இருநூற்று ஐம்பத்தெட்டு வோல்ட்

அக்டோபர் ஞாயிறு. அடிலெய்டுக்கு வடக்கே, சாலிஸ்பரி.
ஹீட்டர் போடக் குளிருமில்லை, ஏசி போட வெக்கையுமில்லை.
தெருவே கடற்கரைக்குப் போய்விட்டது.
கூரைகள் மட்டும் வேலை செய்கின்றன.

திருமதி கோஸ்டூலாஸ்
இன்வெர்ட்டரின் சிவப்பு விளக்கைக் காட்டுகிறார்,
பிள்ளையின் நாக்கை டாக்டரிடம் காட்டுவதுபோல.
"உச்சி வெயிலில்தான் தூங்குகிறது.
ஒன்பதாயிரம் டாலர் கொடுத்தேன்."

மீட்டரை வைத்தேன்: இருநூற்று ஐம்பத்தெட்டு.
பழுதில்லை என்றேன்.
நாற்பது வீடும் ஒரே கம்பியில்
ஒரே நேரத்தில் ஊற்றுகின்றன,
வாங்கத்தான் ஆளில்லை.
இந்த நிமிடம் மொத்தச் சந்தையில்
மின்சாரத்தை எடுத்துப்போகிறவனுக்கு
கொடுப்பவனே காசும் தரவேண்டும்.

"வெயிலுக்குமா கியூ?"

கியூதான்.
விக்டோரியாவுக்குப் போகும் கம்பி நிரம்பிவிட்டது.
பாட்டரிகள் நிரம்பிவிட்டன.
கட்டுப்பாட்டு அறையில் யாரோ ஒருத்தி
ஐம்பது ஹெர்ட்ஸ் அசையாமலிருக்க
ஆறிப்போன காபியைத் தொடாமல் உட்கார்ந்திருப்பாள்.

துணியை மத்தியானம் துவையுங்கள்,
வெந்நீரையும் மத்தியானமே போட்டுவிடுங்கள் என்றேன்.
"வாரத்தில் ஆறு மத்தியானம்
நான் பேக்கரியில்" என்றார்.
அதைத் திருப்ப என்னிடம் ஸ்பேனர் இல்லை.

இன்னும் ஏழு வீடு. அதே எண், அதே பேச்சு.

ஏழேகாலுக்கு வேனை எடுக்கிறேன்.
மணல் ஒட்டிய காலோடு தெரு திரும்புகிறது:
அடுப்பு, கெட்டில், டிவி, குளியல்.
எங்கோ ஓர் எரிவாயு டர்பைன்
தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்.
கோஸ்டூலாஸ் வீட்டு ஜன்னலில்
சலவை இயந்திரம் இப்போதுதான் சுற்றத் தொடங்குகிறது.

வெளிச்சுவரில் பச்சை விளக்கு.
கொடுக்க ஏதுமில்லாத நேரத்தில்
முழுசாகத் தயார்.