ஒன்று

இரண்டாம் மாடியில் யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம்.
பெயர் சொல்ல வேண்டாம், காரணமும் வேண்டாம்.
ஃபின்மார்க்கின் அந்தத் துறைமுக ஊரில்
அதுதான் சட்டம், அதுதான் பெருமை.

குன்வோர் வந்தது வேறு வேலையாக.
பனி வாரும் வண்டி அவள் தபால் பெட்டியைச்
சாய்த்துவிட்டுப் போயிருந்தது.
முன்னால் எட்டுப் பேர்.
மேசைமேல், யாரோ கேட்டு வாங்கிப்
பாதியில் விட்டுப்போன கோப்பு.
டாக்சி ஓட்டுகிறவளின் கை சும்மா இருக்காது.
புரட்டினாள்.

உறுப்பினர்களின் பயணச் செலவு, ஜனவரி முதல் மார்ச் வரை.
விமானம். விடுதி.
விடுதி தந்த காலை உணவுக்குக் கழிவு.
ஓர் அம்மாள் நாற்பது குரோனர் காப்பிக்குக்கூட
மூலை மடங்காமல் சீட்டு ஒட்டியிருந்தார்.
அடுத்த பக்கம்
மஞ்சள் தாளில்
தன் கையெழுத்து.

அந்த இரவு நினைவிருக்கிறது.
மைனஸ் இருபத்தெட்டு. ரசீது இயந்திரம் விறைத்துப்போக,
பழைய ரசீதுப் புத்தகத்தைத் தேடியெடுத்து,
பேனாவின் மூக்கில் ஊதி ஊதி எழுதினாள்:
விமான நிலையத்திலிருந்து மீன் ஆலை மேட்டுக்கு
முந்நூற்று நாற்பது.

பின்னிருக்கையில் ஹல்வார் நெஸ்.
பிரசவ வார்டை மூட விடமாட்டேன் என்று
பேசிக்கொண்டே வந்தார்.
மேட்டில் சக்கரம் வழுக்கியபோது
சொல்லாமலே இறங்கி
நகரத்துச் சப்பாத்து நிறையப் பனியோடு
வண்டியைத் தள்ளினார்.

இப்போது அந்த மூன்றுக்கு முன்னால் ஓர் ஒன்று.

குன்வோரின் ஒன்று வெறும் கோடு,
படகில் பாய்மரம் நிற்கிற மாதிரி.
இதற்கு அலகு இருந்தது.
மையும் கொஞ்சம் நீலம் கூட.

தேனெடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள்.
இங்கே கைக்கு உறை, உறைக்கு மேல் இன்னோர் உறை.
அதையும் கழற்றித்தானே நக்கியிருக்க வேண்டும்
என்றுதான் அவளுக்குத் தோன்றியது.
ஆயிரம் குரோனர்.
ஆயிரம் போனால் போகட்டும்.

போகாதது வேறு.
இரண்டு வருஷமாக அவள் வண்டியில் ஏறியவர்கள்,
டயாலிசிஸ் முடிந்து திரும்பும் கிழவர்,
இரவுப் பணிக்குப் போகும் லிதுவேனியப் பையன்கள்,
கதவைச் சாத்துமுன்பே
எல்லாரும் திருடங்க என்று தொடங்கும்போதெல்லாம்
கண்ணாடியில் அவர்களைப் பார்த்து அவள் சொன்னாள்:
எல்லாரும் இல்லை.
ஒருத்தர் என் வண்டியைத் தள்ளினார்.

எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்!
வார்டு மூடின பிறகும் சொன்னாள்.

அவள் வீட்டு இழுப்பறையில் அதே ரசீதின் கார்பன் பிரதி,
ரப்பர் பேண்டுக்குள்.
அதில் முந்நூற்று நாற்பது முந்நூற்று நாற்பதாகவே இருக்கிறது.
இந்தக் கோப்போ இரண்டு வருஷமாய்த் திறந்தே கிடந்தது.
வந்து பார்த்தவர்கள் கூட்டிப் பார்த்தார்கள்;
கூட்டல் சரியாகவே இருந்தது.

"ஒன்பது," என்றாள் இங்குன், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து.
"தபால் பெட்டிதானே?"
புகார்த் தாளில் தேதி எழுதினாள். பதினொன்று.
இரண்டு ஒன்றுக்கும் அலகு.

குன்வோர் அந்த எண்களையே பார்த்தாள்.
பாதி ஊர் இப்படித்தான் எழுதும்போல.
அப்படியானால் ஹல்வார் இல்லாமலும் இருக்கலாம்.
உதவியாளனாக இருக்கலாம், கணக்குப் பிரிவில் எவனாவது.
அந்த 'இருக்கலாம்' மேல் ஒரு நிமிஷம்
முழு எடையோடு சாய்ந்து நின்றாள்,
வழுக்கும் வண்டிமேல் ஓர் ஆள் சாய்வதுபோல.

வண்டி நகரவில்லை.

"இந்தப் பக்கத்துக்கு ஒரு நகல்," என்றாள்.
"மூன்று குரோனர். பெயர் தேவையில்லை."
"எழுதிக்கொள்," என்றாள் குன்வோர்.
தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள்,
வண்டி எண்ணையும்.