வேன் வர ஏழு நிமிடம்

இடது ஷூவை வீசிவிட்டான் கெவின்.
சாக்ஸின் தையல் உறுத்துகிறதாம்.
தரையில் புரண்டு கத்துகிறான்.
எதிர்வீட்டுக் கதவு திறந்து, மூடுகிறது.

நீயெல்லாம் ஒரு அம்மாவா
என்று ஆரம்பிக்கிறது எனக்குள்.

அதை அடக்க வழி கேட்டுத்தான்
அயனாவரத்துக்குப் போனேன், வியாழக்கிழமைகளில்.
ஷர்மிளா மேடம் அடக்கச் சொல்லவில்லை.
"வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்."
இதற்கா ரெண்டு பஸ் மாறி வந்தேன்
என்றார் பக்கத்து நாற்காலி முபாரக்.
எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இப்போது தெருவில் பழைய பேப்பர் வண்டி.
ஒலிபெருக்கியில் பதிவுசெய்த அதே குரல்.
நிறுத்த முடியாது.
ஓடிப்போய் எதையும்
எடுத்துக் கொடுக்கவும் வேண்டியதில்லை.

வந்துவிட்டது, என்கிறேன்,
நீயெல்லாம் ஒரு அம்மாவா வண்டி.

அது கத்தக் கத்த
அவனிடமிருந்து ஒரு முழம் தள்ளி உட்காருகிறேன்.
அவனுக்கு நீங்கள் என்னவாக இருக்க ஆசை
என்று மேடம் கேட்டபோது
கரண்ட் பில்லின் பின்னால் எழுதினேன்
ஒரே சொல்:
பக்கத்தில்.

சாக்ஸை உள்புறம் வெளியாகத் திருப்புகிறேன்.
கை நடுங்குகிறது. நடுங்கட்டும்.
வேன் ஹாரன் அடித்து,
இன்னொரு முறை அடித்து,
போய்விட்டது.

முகத்தைத் திருப்பாமல்
காலை மட்டும் நீட்டுகிறான்.