கழுத்து

கேப்டன் ஹிர்வோலாவுக்குக் காப்பி கொண்டுபோனால்
வாசலிலேயே பெயரைச் சொல்லிவிட வேண்டும், உரக்க.
வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னார்கள்.
ஏனென்று சொல்லவில்லை.

ஔலுவிலிருந்து ஹெல்சிங்கிக்கு
இருட்டில் ஏறி இருட்டில் இறங்கும் டிசம்பர் விமானம்.
முப்பத்தெட்டுப் பேர்: மர வியாபாரிகள், ஒரு பாதிரியார்,
பல் பிடுங்கப் போகிற ஒருத்தி.
எல்லோரும் உறங்கிய பிறகும்
அவர் கழுத்து ஓயாது.
இடம், வலம், மேலே, மறுபடி இடம்.
கம்பெனி கொடுத்த கஞ்சிபோட்ட காலருக்குள்
மனைவியின் பழைய பட்டுத் துணி.
அப்படியும் காசளவு சிவந்திருக்கும் தோல்.

"என்ன தேடுகிறீர்கள்?" என்றேன் ஒருநாள்.
"பழக்கம்."
இரண்டு கட்டி சர்க்கரை. கலக்காமல் குடித்தார்.

மிச்சத்தைத் துணை விமானி பென்ட்டிதான் சொன்னான்.
போரின் கடைசி ஜூன், வளைகுடாவுக்கு மேலே
ஒற்றை இருக்கை விமானங்கள் இரண்டு.
சூரியனுக்குள்ளிருந்துதான் வருவார்களாம்.
ஹிர்வோலா மூன்று நொடி கீழே குனிந்தாராம்,
எரிகிற படகைப் பார்த்தாரோ வரைபடத்தையோ,
அது பென்ட்டிக்கும் தெரியாது.
நிமிர்ந்தால் பக்கத்தில் கௌக்கோ இல்லை.
புகைகூட இல்லை.
கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டாய் வானம்.

ஊரெல்லாம் ஜூலையில் விடுப்புக் கேட்கும்.
அவர் கேட்பது ஜூன்.

யுவஸ்குலாவுக்கு மேலே ஒருமுறை
இடது எஞ்சின் நின்றுபோனது.
அந்த இருபது நிமிடம் மட்டும்
அவர் கழுத்து அசையவே இல்லை.
"தூங்குகிறவர்களை எழுப்பாதே" என்றார்
உப்பைக் கேட்கிற குரலில்.
விழித்திருந்தது பாதிரியார் ஒருவர்தான்;
அவரும் ஜெபிக்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.
தரை தொட்டு, உருண்டு, நின்றதும்
கேப்டன் மறுபடி தொடங்கினார்:
இடம், வலம், மேலே.

ஓய்வுபெற்ற பின் ஒரு பிப்ரவரியில் பயணியாக வந்தார்.
முதல் வரிசை கொடுத்தோம், மறுத்துவிட்டு
கடைசிக்குப் போனார்.
முதுகுக்குப் பின்னால் சுவர்.
சுவருக்குப் பின்னால் பெட்டிகள்.

தட்டோடு முன்னாலிருந்து வந்தேன்.
வழி நெடுக, மங்கிய விளக்கில்
ஆட்களின் பிடரிகள்,
மழித்தவை, சடை விழுந்தவை, ஒரு குழந்தையுடையது.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்,
வரிசை வரிசையாக,
தலையைத் திருப்பாமல்.

"ஐலா" என்றேன், வழக்கம்போல் உரக்க.

"தெரிகிறதே" என்றார்.