பாதிக் கசங்கல்

அறுநூறு ஆண்டுக்கு முன் புறப்பட்டபோது
அந்த ஒளி ஒரு பந்து.
விரிந்து விரிந்து
வளைவையே மறந்து
அட்டகாமா பாலைக்கு மேலே வந்து சேர்கையில்
பலகைபோல் தட்டை.

பிறகு, காற்று.
இமைப்பொழுதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை,
அதற்குள் கசக்கிவிடுகிறது.
இங்கே கொஞ்சம் வெப்பம், அங்கே ஒரு குளிர்ச்சுழி:
அலையின் ஒரு மூலை முந்துகிறது
இன்னொரு மூலை பிந்துகிறது.
என் திரையில் விண்மீன்
கொதிக்கும் சட்டியில் ஒற்றைப் பருப்பு.

இரவுதோறும் எனக்குச் சம்பளம்
கண்ணாடியைக் கெடுக்க.
இரண்டு மில்லிமீட்டர் தடிமன், முதுகில் ஆயிரம் விரல்.
முந்திய இடத்தில் பள்ளம் விழ வேண்டும்
பிந்திய இடத்தில் மேடு எழ வேண்டும்
நொடிக்கு ஆயிரம் தடவை.
கசங்கலில் பாதி அளவு போதும்:
வரும்போது பாதி கழியும்,
திரும்பும்போது மீதி.

வில்லைக்கு இத்தனை பதற்றம் இல்லை.
நடுவில் தடித்திருக்கும், அவ்வளவுதான்.
அலையின் நடுவைப் பிடித்து நிறுத்தும்;
ஓரங்கள் முன்னே ஓடிக் கிண்ணமாகும்,
கிண்ணம் சுருங்கிப் புள்ளியாகும்.
கலாமாவில் வாங்கிய என் மூக்குக்கண்ணாடியும் அந்த ஜாதிதான்,
ஒரு காலில் பிளாஸ்திரி.

பட்டகம் வேறு ரகம். எல்லைச் சாவடி.
சிவப்பைச் சட்டென்று விடும்
ஊதாவை நிறுத்தி நிறுத்தி விசாரிக்கும்.
அதனால்தான் ஊதா அவ்வளவு திரும்பிக்கொண்டு போகிறது.

மூன்று பத்துக்குத் தெற்குக் காற்று.
கணினி கைவிட்டது.
ஆயிரம் விரலும் ஒரே சமயத்தில் அடங்க
ஆடி சமமாக நின்றது,
மாசில்லாமல், நேர்மையாக,
எதற்கும் பயனின்றி.
பருப்பு மறுபடி கொதித்தது.

திட்டினேன். பிரிஹிதா கோல்கே என்ற முழுப்பெயரால்
என்னையே திட்டினேன்.
மறுபடி தொடங்கினேன்.
ஆடி நடுங்கி
காற்றின் முகத்தைப் பாதி அணிந்துகொண்டது.
பருப்பு
பிளந்தது.

அட்டவணையில் நெடுங்காலமாக
ஒன்று என்றே எழுதியிருந்த இடம்.

சமையலறையிலிருந்து யெர்கோ
சூப் கிண்ணத்தோடு வந்தான்.
‘ரெண்டு’ என்றேன்.
‘ஆமாம், உனக்கு மட்டும் ரெண்டு உருளைக்கிழங்கு’ என்றான்,
‘எப்படித் தெரிந்தது?’

குனிந்தேன். ஆவி ஏறி
கண்ணாடி மூடிக்கொண்டது.
யெர்கோ ஒரு பஞ்சுருண்டை
விளக்கு இன்னொன்று.
துடைக்கத் துணி இருந்தது சட்டைப்பையில்.
முதலில் குடித்தேன்.